இல்லாத பக்கத்திலிருந்து ஒரு வாக்கியம்

மார்ச் 3

என் அன்பு மருமகளுக்கு,

முகத்தில் துளி சிரிப்பில்லாமல், வலது கையைத் தடித்த அகராதி ஒன்றின் மேல் வைத்துச் சத்தியம் செய்கிறேன்: இனி உனக்கு நான் எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். நீயும் நம்பாதே. நம்பினால், உன் அம்மா என்னைப் பற்றி நாற்பது வருஷமாகச் சொல்லிவருவது பொய்யாகிவிடும்.

முதலில் நலம் விசாரிப்பு. இங்கே நான் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை; அது எப்போதும் எதிர்க்கட்சி. அங்கே நீயும், உன் மூக்குக்கண்ணாடிக் கடையும், நீ தேய்க்கும் வில்லைகளும் நலந்தானே.

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, டாக்டர் மழைக்காலம்வரை கெடு வைத்திருக்கிறார், ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று எழுதியிருக்கிறாய். வராமல் என்ன. ஆனால் என் நிலைமையைக் கேள்.

இந்த அகராதி அலுவலகத்தில் ஒருவருக்குப் பறவைகள், ஒருவருக்குக் கப்பல்கள் என்று பங்கு பிரித்தபோது எனக்கு விழுந்தது ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல். ரன். அவர்கள் எழுத்தில் மூன்றெழுத்து. 'ஓடு' என்று எழுதி வைத்துவிட்டு மதியமே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அது பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய மதியம். இதுவரை இருநூற்று எழுபத்தொரு அர்த்தம் பிடித்து அடைத்திருக்கிறேன். ஆறு ஓடுகிறது, சரி. மூக்கும் ஓடுகிறது. சட்டையின் சாயம் ஓடுகிறது. உடம்பில் காய்ச்சல் ஓடுகிறது. நாம் நடத்துகிற கடையை அவர்கள் ஓட்டுகிறார்கள். தேர்தலில் நாம் நிற்கிறோம், அவர்கள் ஓடுகிறார்கள். ஜெயித்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். போன வாரம் நூற்று எண்பத்தெட்டாம் அர்த்தம் இழுப்பறையை உடைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிவிட்டது. மூன்று குமாஸ்தாக்கள் தெருமுனைவரை துரத்திப் பிடித்து வந்தார்கள். ஒருவருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது.

இப்படிப்பட்ட பிராணியை நடுவில் விட்டுவிட்டு எப்படி ரயிலேறுவது? வேலை முடிந்ததும் வருகிறேன்.

அம்மாவின் சீட்டு இந்த மாதமும் ஒன்று வந்தது. படிக்கிற ஆங்கிலப் புத்தகத்தில் இந்தச் சொல் தட்டுப்பட்டால் வாக்கியத்தைச் சீட்டில் எழுதி, புத்தகத்தின் பெயரும் பக்க எண்ணும் போட்டு அனுப்ப எங்களுக்கு ஊரூராக ஆட்கள் உண்டு. அத்தனை பேரிலும் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் உன் அம்மாதான் என்பதால், அவள் சீட்டை மட்டும் நான் சரிபார்ப்பதே இல்லை. அப்படியே இழுப்பறையில் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வினைச்சொல்லின் தனிப்பெரும் காவலர்,
உன் மாமா

•

மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் எதிர்க்கட்சிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். இங்கே நான் நலம். அம்மா, போன கடிதத்தில் எழுதியபடிதான்.

உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். தேர்தல் வந்த இடத்தில் உதடு லேசாக அசைந்தது. அப்புறம், "மூணு குமாஸ்தாவாம். அங்க இருக்கறதே ஒருத்தர்தான், அவருக்கும் அறுபது வயசு, அவர் துரத்தறாராம்" என்றாள். உங்களைப் பற்றி இவ்வளவு நீளமாக அவள் பேசிப் பல வருஷம் ஆகிறது.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே. அப்பா போனபோது நீங்கள் அனுப்பிய தந்தியும் இதே வாக்கியம்தான். 'வேலை முடிந்ததும் வருகிறேன்.' எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தந்தியைக் கதவிடுக்கில் செருகிவைத்து, நீங்கள் வருவீர்கள் என்று வாசலில் உட்கார்ந்திருந்தேன். பதினோரு வருஷமாகிறது. அன்றிலிருந்து அம்மா உங்களுக்கு ஒரு வரி கடிதம் எழுதவில்லை. சீட்டு மட்டும்தான். எனக்கு அதுவே விசித்திரமாக இருக்கும். பேசாத ஆளுக்கு எதற்கு ஊழியம் என்று ஒரு தடவை கேட்டேன். "அது ஆபீஸ் வேலை, நீ உன் வேலையப் பாரு" என்றாள்.

அவளுக்கு இந்த வருஷம் மூன்றாவது கண்ணாடி செய்து கொடுத்திருக்கிறேன். இதற்கு மேல் வில்லையைத் தடிப்பாக்கினால் மூக்கு தாங்காது. அதைப் போட்டுக்கொண்டுதான் சீட்டு எழுதுகிறாள். ஒரு சீட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

"மாமாவ வரச் சொல்லி எழுதட்டுமா" என்று இன்றைக்கும் கேட்டேன். "வேணாம். வந்தா பேச வேண்டியிருக்கும்" என்றாள். வேண்டாம் என்று சொன்ன விதத்தில் எனக்கு வேண்டாம் என்று கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். வாருங்கள்.

உங்கள் மருமகள்

•

ஏப்ரல் 30

என் வில்லைத் தேவதைக்கு,

ஆசிகள் ஆயிரம், நலம் விசாரிப்பு பத்தாயிரம். பதில் தாமதமானதற்குக் காரணம், இந்தச் சொல்லின் பூர்விகத்தைத் தேடி நான் ஆயிரத்து முந்நூறு வருஷம் பின்னால் போய்விட்டேன். திரும்பி வரும் வழியில் சோறு தண்ணீர் கிடைக்கவில்லை.

அங்கே கண்டது என்ன தெரியுமா? இது ஒரு சொல்லே இல்லை, இரண்டு. பழைய ஆங்கிலத்தில் தானாக ஓடுவதற்கு ஒரு சொல், பிறரை ஓடவைப்பதற்கு ஒரு சொல் என்று இரண்டு இருந்தன. அண்ணன் தம்பி மாதிரி பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்துக் கிடந்தவை, ஒருவன் சட்டையை ஒருவன் மாற்றிப் போட்டுப் போட்டுக் கடைசியில் எது யார் என்று பெற்றவளுக்கே தெரியாமல் ஒன்றாகிவிட்டன. இன்னும் பின்னால் போனால், கால் உள்ளவற்றுக்கு மட்டுமில்லை, தண்ணீர் பாய்வதற்கும் அதே வேர்தான் என்கிறார்கள். அந்த இடத்தில் நான் வழுக்கி விழுந்தேன். ஏழாம் நூற்றாண்டில் விழுந்த வீக்கம் இன்னும் வடியவில்லை. டாக்டர் பயணம் கூடாது என்கிறார்.

எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் வேறு (நாங்கள் வைத்த பெயர் முற்றுப்புள்ளி, அவர் அறைக்குள் நுழைந்தால் எந்தப் பேச்சும் அதோடு நின்றுவிடும்) இந்தப் பாகம் வருஷ முடிவுக்குள் அச்சுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார்.

அம்மாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

உன் மாமா

•

மே 11

மாமாவுக்கு,

நலம். ரயில் தேதி இருக்கும் என்று கவரைக் கிழித்தேன். இரண்டு பக்கமும் வினைச்சொல். அம்மா எங்கே என்று தேடினால் கடைசி வரியில் இருக்கிறாள்.

இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது. முதுகுக்கு நாலு தலையணை வைத்து உட்காரவைத்தே தூங்கவைக்கிறேன். கடையில் மதியத்துக்கு மேல் விடுப்பு வாங்கிக்கொண்டேன். கீழ்வீட்டுத் தையற்காரம்மா காலையில் பார்த்துக்கொள்கிறார்.

உங்கள் கடிதத்தை வாசிக்கட்டுமா என்று கேட்டேன். "வர்றானாமா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "சரி, அப்பறம் வாசி" என்று திரும்பிக்கொண்டாள்.

சீட்டு ஒன்று இணைத்திருக்கிறேன். கையெழுத்து என்னுடையது. அவளால் பேனா பிடிக்க முடியவில்லை.

உங்கள் மருமகள்

•

ஜூன் 20

அன்புள்ள மருமகளே,

நலமாக இருக்கிறாயா? என் நலத்தைப் பற்றி எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

முற்றுப்புள்ளி ஒரு புது உத்தரவு போட்டார். அச்சுக்குப் போகும் முன் எல்லாச் சீட்டையும் மூலப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும், ஒன்று விடாமல். அதற்கென்று நூலகத்தில் ஓர் அம்மாள் இருக்கிறார். அடிக்குறிப்பு என்று பெயர். குள்ளம், பக்கத்தின் அடியிலேயே வசிப்பவர், ஆனால் மேலே இருப்பவர்களின் வண்டவாளம் முழுக்கத் தெரிந்தவர். அவர் செவ்வாய்க்கிழமை என் மேஜைக்கு வந்தார்.

"சார், இந்தக் குழாய் ரிப்பேர் புத்தகம் மொத்தமே தொண்ணூத்தாறு பக்கம்தான். உங்க அக்கா இருநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துலேர்ந்து எடுத்திருக்காங்க."

"வேற பதிப்பா இருக்கும்மா."

"ஒரே பதிப்புதான் வந்திருக்கு. சலவைப் புத்தகம் முப்பது பக்கம். அவங்க போட்டிருக்கறது நூத்தி நாப்பத்தொண்ணு."

"எங்க அக்கா பொய் சொல்ல மாட்டா. சின்ன வயசுல நான் உடைச்ச கண்ணாடிக்கு 'பூனை உடைச்சது'ன்னு சொல்லச் சொன்னேன். 'நம்ம வீட்டுல பூனை இல்லையே'ன்னு என்னையே மாட்டிவிட்டவ."

"அது எனக்குத் தெரியாது சார். வாடகைச் சட்டப் புத்தகத்தப் பாத்தேன். பக்கம் இருக்கு, அந்த வாக்கியம் இல்ல. நான் இதுவரைக்கும் நாப்பது பாத்திருக்கேன். நாப்பதும் இல்ல."

போகும்போது திரும்பி நின்று, "சார், நீங்க அந்தச் சீட்டையெல்லாம் படிச்சீங்களா?" என்றார்.

பத்தொன்பது வருஷமாக அதுதானே என் வேலை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் கேட்டது அது இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மே மாதச் சீட்டை நீதான் எழுதினாய். 'மூச்சு குறைந்துகொண்டே வருகிறது. அவசரமில்லை.' நீச்சல் கையேடு, பக்கம் 308. அவள் அதைச் சொன்னபோது அவள் மடியில் புத்தகம் இருந்ததா?

மாமா

•

ஜூன் 27

மாமாவுக்கு,

நலம் எல்லாம் பிறகு. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

புத்தகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் வாக்கியத்தைச் சொன்னாள். எழுதினேன். "எந்தப் புத்தகம்மா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "நீச்சல்னு போடு" என்றாள். "பக்கம்?" "முன்னூத்தி எட்டு." நான் பேனாவை நிறுத்தி அவளைப் பார்த்தேன். "அவன் பாக்க மாட்டான். போடு" என்றாள்.

கப்பல் கம்பெனியில் இருபத்தைந்து வருஷம் ஆங்கிலம் தட்டச்சு செய்தவள். ஒரு கமாவைக்கூடத் தன்னிஷ்டத்துக்குப் போட்டதில்லை என்று பெருமை பேசுவாள். அவள் வாயிலிருந்து பக்க எண் அப்படி வந்தபோது எனக்குப் பயமாக இருந்தது. நோய் மூளைக்கு ஏறிவிட்டதோ என்று டாக்டரிடம்கூடக் கேட்டேன். உங்களுக்கு எழுதவில்லை. நீங்கள் அதையும் கதையாக்கிவிடுவீர்கள் என்று தோன்றியது.

டாக்டர் இனி மாதக் கணக்கு சொல்லவில்லை.

உங்கள் மருமகள்

•

ஜூலை 4

என் மருமகளே,

உன் கடிதம் வந்த அன்றே இழுப்பறைகளைத் திறந்தேன். எங்கள் வழக்கம் சீட்டைத் தேதிப்படி அடுக்குவதில்லை, அர்த்தப்படி அடுக்குவது. தண்ணீர் பற்றியது தண்ணீரோடு, சாயம் சாயத்தோடு, காய்ச்சல் காய்ச்சலோடு. அதனால் அவளுடைய பதினோரு வருஷம் நூற்று நாற்பத்து மூன்று துண்டாக முப்பத்தாறு இழுப்பறைகளில் கிடந்தது. எல்லாவற்றையும் உருவி, அறைத் தரையில் தேதிப்படி பரப்பினேன். அடிக்குறிப்பு அம்மாள் கூடவே உட்கார்ந்து வருஷம் பிரித்துக் கொடுத்தார். கதவைத் திறந்த முற்றுப்புள்ளி, தரையைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றிலும் என் மூன்றெழுத்துப் பிராணி உட்கார்ந்திருக்கிறது.

உன் அப்பா போன மறுமாதம்: 'குழாயில் தண்ணீர் பழுப்பாகவே வருகிறது, இதைச் சொல்ல வீட்டில் இன்னொரு ஆள் இல்லை.' இதை நான் பதினான்காம் அர்த்தத்தில் போட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம்: 'வெந்நீரில் போட்டதில் சாயம் போய்விட்டது, அது அவருடைய நல்ல சட்டை.' அறுபத்து மூன்று.

அந்த வருஷக் கடைசி: 'சிறுமிக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல், யாரிடமாவது சொன்னால் ஒரு டிகிரி குறையும்.' தொண்ணூற்று ஏழு. இதன் ஓரத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து இருக்கிறது: 'நல்ல உதாரணம்.'

அப்புறம் ஒன்று: 'இந்தக் கோபத்துக்கு எத்தனை வருஷக் கெடு என்று பத்திரத்தில் எழுதவில்லை.'

இன்னொன்று: 'சிரிப்பு இந்தக் குடும்பத்தில் பரம்பரையாக வருவது; ஒருத்தனோடு வெளியே போய்விட்டது.'

இப்படி நூற்று நாற்பத்து மூன்று. நேராக ஒரு கடிதம் எழுத அவளுக்கு ரோஷம் விடவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. எனக்கு வந்ததெல்லாம் எனக்கென்று வந்தது என்று தெரியாமல், நம்பர் போட்டுப் பூட்டிவைத்திருக்கிறேன்.

உன் தந்திக் கணக்குக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. பெட்டிகூடக் கட்டிவிட்டேன். ரயில் நிலையம்வரை வந்தேன். நான் நுழைகிற வீட்டில் நாலு பேராவது சிரிப்பார்கள். அதற்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள். சிரிக்கவைக்க முடியாத வீட்டுக்குள் நான் எந்த முகத்தோடு நுழைவது என்று தெரியவில்லை. பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ரயில் போயிற்று. தபால் ஆபீஸுக்குப் போய்த் தந்தி கொடுத்தேன்.

முற்றுப்புள்ளியிடம் விடுப்புக் கேட்டேன். "பாகம் அச்சுக்குப் போகணும், இப்ப எப்படிய்யா?" என்றார். "போகட்டும் சார்" என்றேன். அவர் முன்னால் பேச்சை நான் முடித்தது அதுதான் முதல் தடவை.

எட்டாம் தேதி ரயில். பத்தாம் தேதி காலை அங்கே இருப்பேன். சீட்டுகளைக் கொண்டுவருகிறேன். அவளிடம் சொல்லாதே. இல்லை, சொல்.

மாமா

•

ஜூலை 7 — தந்தி

அம்மாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. காது கேட்கிறது. பத்தாம் தேதி என்று சொன்னேன். தலையசைத்தாள். தாமதம் வேண்டாம்.

•

ஆகஸ்ட் 2

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கடைக்குப் போகிறேன். அவளுடைய மூன்று கண்ணாடியும் மேஜையில் இருக்கின்றன. மூன்றையும் துடைத்து வைத்தேன். வேறு யாருக்கும் பொருந்தாது.

அன்றைக்குக் கேட்காததை இப்போது கேட்கிறேன். பத்தாம் தேதி நீங்கள் வந்து உட்கார்ந்ததும் நான் மருந்துக் கடைக்குப் போனேன். அரை மணி நேரம் இருக்கும். திரும்பி வரும்போது மாடிப்படியில் ஒரு சத்தம் கேட்டது. இருமல், மூச்சு அடைக்கிறது என்று பயந்து இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தேன். அம்மாவின் கண் ஈரமாக இருந்தது. நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சீட்டுக் கட்டு பிரிக்காமல் அப்படியே உங்கள் மடியில் இருந்தது. மறுநாள் விடிந்ததும் போய்விட்டாள்.

அவள் நினைவோடு இருந்த கடைசி அரை மணி நேரம் உங்களுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பங்கு வேண்டும். என்ன நடந்தது? வலியில் கத்தினாளா? உங்களை ஏதாவது சொன்னாளா? வேறு எதற்கு வேண்டுமானாலும் புளுகுங்கள், இதற்கு வேண்டாம்.

உங்கள் மருமகள்

•

ஆகஸ்ட் 14

என் மருமகளுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். மதியச் சாப்பாட்டைக் கடைக்கு எடுத்துப்போகிறாயா? தையற்காரம்மாவுக்கு என் வணக்கம் சொல். இங்கே நான் இருக்கிறேன்.

நீ படியிறங்கியதுதான் தாமதம், உன் அம்மா நாலு தலையணையையும் உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். பேச்சு நின்றதாவது. கணீரென்று கூப்பிட்டு என்னைக் கட்டிலுக்கு முன்னால் நிற்கவைத்தாள். நூற்று நாற்பத்து மூன்று சீட்டையும் வரிசையாக ஒப்பிக்கச் சொன்னாள். ஒவ்வொரு தப்புக்கும் தலையில் ஒரு குட்டு. குட்டு விழுந்த சத்தத்தில் எதிர்வீட்டுக் கண்ணாடி ஜன்னல் விரிசல் விட்டது, வேண்டுமானால் போய்ப் பார். நான் நாலு மொழியில் மன்னிப்புக் கேட்டேன். நாலிலும் இலக்கணப் பிழை என்றாள். அப்புறம் கட்டில் தரையிலிருந்து இரண்டு முழம் எழும்பியது. அங்கிருந்தபடியே புதிதாக நாற்பது அர்த்தம் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணும் சொன்னாள். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். மை தீர்ந்து, பென்சில் தீர்ந்து, கடைசியில் நகத்தால் சுவரில் எழுதினேன். எல்லாம் முடிந்ததும் அவள் சிரித்தாள். கட்டில் இறங்கிவிட்டது. நீ உள்ளே வந்தாய்.

வேண்டாம் என்றாய், ஆனால் எனக்கு வேறு விதமாக எழுதத் தெரியவில்லை. படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

ஒன்றை மட்டும் விட்டுவை. வழி முழுக்க அவளிடம் சொல்வதற்கு இருபது விஷயம் யோசித்து வைத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூடினேன். மறுபடி திறந்தேன், மூடினேன். எத்தனை தடவை என்று தெரியாது. நாற்பது வருஷமாக மூடாத வாய் அது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ படியில் கேட்டது இருமல் இல்லை. அவள் சிரித்தாள். அது மட்டும் உண்மை.

மாமா